மஞ்சள் பை

சாம்ராஜ்யங்களின் சரித்திரத்தை எழுதப் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது ஒரு பையின் சரித்திரம். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறோமே, அந்தப் பைதான். இதற்கெல்லாம் ஒரு சரித்திரமா என்று வாசகர்கள் சிரிக்கலாம். ஆனால் இந்தச் சரித்திரத்தில் யுத்தம் உண்டு. கோர்ட்டு வழக்கு உண்டு. ஊரை முழுக்கடித்த வெள்ளம் உண்டு. ராஜாங்க உத்தரவுகளும் உண்டு. எனக்கும் இதில் ஒரு சிறு பங்கு இருக்கிறது. பெருமைப்படத் தக்க பங்கு அல்ல. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1974-ம் வருஷம் என்று ஞாபகம். நான் சென்னையில் உத்தியோகத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஏதோ ஒரு காரியத்துக்கு என் பள்ளிக்கூடச் சான்றிதழின் அசல் வேண்டும் என்று ஆபீசில் கேட்டார்கள். ஊருக்குக் கடிதம் போட்டேன். தபாலில் அனுப்பினால் எங்கேயாவது தொலைந்துவிடும் என்று அப்பா தாமே ராத்திரி ரயிலேறிப் புறப்பட்டு வந்துவிட்டார். காலை பத்தரை மணிக்கு ஆபீஸ் வாசலில் நிற்கிறார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு மஞ்சள் பை. ஜவுளிக் கடையில் கொடுத்த பை. துவைத்துத் துவைத்துக் கடையின் பெயர் பாதி அழிந்து போயிருந்தது.

என்னோடு நின்றிருந்த இரண்டு சிநேகிதர்கள் அந்தப் பையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

"அப்பா, அந்தப் பையை பியூன் ஸ்டூலுக்கு அடியிலே வைத்துவிட்டு உள்ளே வாங்களேன்" என்றேன்.

அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "ஏண்டா, இதுக்குள்ளேதானே உன் சர்ட்டிபிகேட் இருக்கு!" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சாயங்காலம் மூர்மார்க்கெட்டுக்கு அழைத்துப் போய் ரெக்ஸின் பை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அந்த ரெக்ஸின் பையை அவர் ஊருக்கு எடுத்துக்கொண்டு போனது மஞ்சள் பைக்குள்ளே மடித்து வைத்துத்தான்.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம்.

என் சிறு வயதில் கடைக்காரர்கள் யாரும் பை கொடுத்ததில்லை. கடைக்குப் போகிறவன் பையோடு போக வேண்டும் என்பது, மழைக்குக் குடையோடு போக வேண்டும் என்பதைப் போல எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எண்ணெய்க்குத் தூக்கு, அரிசிக்குச் சாக்கு, மற்றதற்கெல்லாம் துணிப்பை. மளிகைக் கடைக்காரர் பழைய பத்திரிகைத் தாளைக் கூம்பாகச் சுருட்டி, அதில் பருப்பைக் கொட்டி, மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து நாலு சுற்றுச் சுற்றிப் பட்டென்று அறுப்பார். அந்தப் பொட்டலத்தைப் பிரித்த பிறகு நூல் ஒரு கண்டில் சேரும். தாளை அம்மா படித்துப் பார்த்துவிட்டு அடுப்பு மூட்டுவாள். பூ வாழையிலையில் வரும். கறி தேக்கிலையில் வரும். கருப்பட்டி பனையோலைக் கொட்டானில் வரும். வீட்டில் குப்பை என்று சேர்ந்ததெல்லாம் கொல்லைக் குழியில் விழுந்து, அடுத்த வருஷம் அவரைக் கொடிக்கு எருவாகிவிடும்.

இதைச் சொல்வதால் அந்தக் காலத்து மனிதர்கள் எல்லோரும் ஞானிகள் என்று நான் வாதாட வரவில்லை. அவர்கள் சிக்கனமாக இருந்ததற்கு முதல் காரணம் இல்லாமை. கையில் காசு இல்லாதபோது சிக்கனமாக இருப்பதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றுமில்லை. காசு வந்த பிறகும் அப்படி இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அந்தப் பரீட்சை எங்கள் தலைமுறைக்குத்தான் வந்தது. நாங்கள் தேறவில்லை.

கடைக்காரன் பை கொடுக்கும் வழக்கம் பரவியது மேல்நாட்டில். அதில் ஒரு பெண்மணியின் கதை வருகிறது. அமெரிக்காவில் மார்கரெட் நைட் என்று ஒரு தொழிலாளி, காகிதப் பை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தாள். அப்போது இயந்திரத்தில் செய்த பைகள் கடித உறையைப் போலத் தட்டையாக இருந்தன, மேஜைமேல் நிற்காது. சதுர அடியோடு நிமிர்ந்து நிற்கும் பையைக் கையால்தான் மடித்து ஒட்ட வேண்டும். அதற்கு ஓர் இயந்திரத்தை அவள் யோசித்து யோசித்து உருவாக்கினாள். அதைப் பார்த்துவிட்டுப் போன ஒருவன் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லி உரிமைப் பத்திரம் கேட்டுவிட்டான். விவகாரம் வழக்காயிற்று. இத்தனை சிக்கலான இயந்திரம் ஒரு பெண்ணின் புத்திக்கு எட்டுமா என்று அவன் வாதாடியதாகச் சொல்வார்கள். அவள் தான் வரைந்த படங்களையும் எழுதி வைத்த குறிப்புகளையும் கொண்டு வந்து வைத்தாள். தீர்ப்பு அவள் பக்கம். 1871-ல் உரிமைப் பத்திரம் அவள் பெயரில் கிடைத்தது. பையை மலிவாக, ஆயிரக்கணக்கில் செய்யலாம் என்று ஆனவுடன், வாங்குகிறவனுக்குப் பையைச் சும்மாவே கொடுக்கலாம் என்று ஆயிற்று. வெறுங்கையோடு கடைக்குப் போகும் மனிதன் அப்போது பிறந்தான்.

அடுத்த அத்தியாயம் இங்கிலாந்தில். 1933-ம் வருஷம் மார்ச் மாதம். செஷைர் ஜில்லாவில் உள்ள ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் கிப்சன், ஃபாசெட் என்ற இருவர் எத்திலீன் வாயுவை மிக அதிகமான அழுத்தத்தில் வைத்து ஏதோ பரிசோதனை செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் எதிர்பார்த்தது நடக்கவில்லை. பாத்திரத்தைத் திறந்து பார்த்தால் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் பாலிதீன். இதைப் பெரிய அளவில் செய்யும் ஆலை வேலை தொடங்கிய நாள் 1939 செப்டம்பர் 1. ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்த அதே நாள். யுத்த காலத்தில் ரேடார் கருவிகளின் மின்கம்பிகளுக்கு உறையாக அது உபயோகப்பட்டது. அப்போது அது ராணுவ ரகசியம். யுத்தம் முடிந்தது. ரகசியத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேலையில்லாத சரக்குக்கு வியாபாரிகள் வேலை தேடிக் கொடுக்காமல் இருப்பார்களா?

வேலை கிடைத்த இடம் ஸ்வீடன். ஸ்டென் குஸ்டாஃப் துலின் என்ற என்ஜினீயர், பாலிதீன் குழாய்த்தாளை மடித்து, ஒட்டி, வெட்டி, கைப்பிடியோடு ஒரே துண்டாகப் பை செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். அமெரிக்காவில் அதற்கு 1965-ல் உரிமைப் பத்திரம் கிடைத்தது. ஒரு சிட்டிகை எடைகூட இல்லாத பை, பல கிலோ சாமானைத் தாங்கியது. மழையில் நனைந்தாலும் கிழியவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். துலின் இந்தப் பையைச் செய்தது மரங்களைக் காப்பாற்றுவதற்கு என்று அவருடைய மகன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். காகிதப் பைக்காகக் காடுகள் அழிகின்றனவே, அதற்குப் பதிலாக நீண்ட நாள் உழைக்கிற பை ஒன்று இருந்தால் ஜனங்கள் திரும்பத் திரும்ப உபயோகிப்பார்களே என்பது அந்த மனிதரின் எண்ணம். அவர் தம்முடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு பாலிதீன் பையை மடித்து வைத்திருப்பாராம். என் அப்பா மஞ்சள் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போவாரே, அதே மாதிரி! பிளாஸ்டிக் பையைப் படைத்தவரும் என் அப்பாவும் ஒரே ஜாதி. ஒரு தரம் உபயோகித்துவிட்டு எறிகிறவர்கள் என்ற வேறு ஜாதி இடையில் வந்து புகுந்தது.

அந்த ஜாதி வளர்ந்த வேகம் ஆச்சரியமானது. 1982-ல் அமெரிக்காவின் பெரிய மளிகைக் கடைத் தொடர்கள் இரண்டு பிளாஸ்டிக் பைக்கு மாறின, மற்றவையும் பின்தொடர்ந்தன. எண்பதுகளின் கடைசியில் எங்கள் தெருக் கடைக்கே அது வந்துவிட்டது. முதலில் வந்த பைகளை நாங்கள் கழுவிக் கொடியில் உலர்த்தி வைத்தோம் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். பிறகு பைகள் பெருகின. கழுவுவது நின்றது. கறிவேப்பிலைக்கு ஒன்று, கொத்தமல்லிக்கு ஒன்று, இரண்டையும் போட ஒன்று. தூக்கு பரணுக்குப் போயிற்று. நூல்கண்டு எங்கே போயிற்றோ தெரியாது. மஞ்சள் பை என்ற சொல்லே 'பட்டிக்காட்டான்' என்பதற்கு மறுபெயராகிவிட்டது. சினிமாவில் ஒருவன் கிராமத்திலிருந்து பட்டணத்துக்கு வந்திருக்கிறான் என்று காட்ட வேண்டுமா? அவன் கக்கத்தில் ஒரு மஞ்சள் பையைச் செருகினால் போதும், கொட்டகையே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

முதலில் சிரிப்பை நிறுத்தியவர்கள் வங்காளதேசத்து ஜனங்கள். 1988-லும் 1998-லும் அந்த நாட்டைப் பெருவெள்ளம் முழுக்கடித்தது. டாக்கா நகரில் தண்ணீர் வடியவில்லை. வடிகால்களை அடைத்துக்கொண்டிருந்தவற்றில் பிளாஸ்டிக் பைகளுக்குப் பெரும் பங்கு இருந்தது. 2002-ம் வருஷம் ஜனவரியில் டாக்காவிலும் மார்ச்சில் நாடு முழுவதிலும் மெல்லிய பிளாஸ்டிக் பை தடை செய்யப்பட்டது. உலகத்தில் முதன்முதலாக இப்படித் தடை விதித்த நாடு அது. சணல் விளைகிற பூமி. பைக்குப் பஞ்சம் இல்லாத தேசம். ஆனாலும் என்ன ஆயிற்று? கொஞ்ச காலம் கடுமை; பிறகு கண்காணிப்புத் தளர்ந்தது; பைகள் சந்து வழியாகத் திரும்பி வந்துவிட்டன. 2024-ல் அதே தடையை மறுபடியும் அமல் செய்யக் கிளம்ப வேண்டியதாயிற்று.

அதே 2002 மார்ச்சில் அயர்லாந்தில் வேறொரு வழி செய்தார்கள். அங்கே தடை எதுவும் போடவில்லை. பை வேண்டுமா, தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். பை ஒன்றுக்கு 15 சென்ட் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். அதுவரை ஓர் ஆள் வருஷத்துக்குச் சுமார் 328 பை வாங்கிக்கொண்டிருந்தான். அது 21 ஆகக் குறைந்தது! பதினைந்து சென்ட்டைக் கொடுக்க முடியாத ஏழைகளா அந்த ஜனங்கள்? இல்லை. பணம் பெரிதல்ல. "பை வேண்டுமா?" என்று கடைக்காரர் கேட்கிறார் பாருங்கள், அந்தக் கேள்விதான் பெரிது. அதுவரை யாரும் கேட்டதில்லை; கை நீட்டினால் பை வந்தது. கேள்வி வந்தவுடன் மனிதன் ஒரு கணம் யோசித்தான். யோசித்தவன் வேண்டாம் என்றான். சில வருஷங்களில் அந்தக் காசு பழகிப்போய், பைகள் மெல்ல மறுபடியும் ஏறின. 2007-ல் கட்டணத்தை 22 சென்ட்டாக உயர்த்தினார்கள். பழக்கம் என்பது அப்படிப்பட்டது. ஒரு தரம் விரட்டிவிட்டால் போதாது. வாசலில் காவலும் இருக்க வேண்டும்.

இங்கிலாந்திலும் 2015 அக்டோபரிலிருந்து பெரிய கடைகளில் பைக்கு 5 பென்ஸ் என்று ஆயிற்று. மெல்லிய பை மளமளவென்று குறைந்தது. அதோடு கதை முடிந்திருந்தால் சுபம் போட்டிருக்கலாம். 'ஆயுளுக்கும் உழைக்கும் பை' என்று கனமான பிளாஸ்டிக் பை ஒன்றைக் கடைகளில் விற்றார்கள். ஜனங்கள் ஆளுக்கு ஒன்று வாங்கி ஆயுள் முழுவதும் வைத்துக்கொண்டார்களா? பையை வீட்டில் மறந்துவிட்டுப் போவது, கடையில் இன்னொன்று வாங்குவது, அதையும் மறப்பது! 2019-ல் வெளிவந்த ஒரு கணக்குப்படி, குடும்பத்துக்கு வருஷத்தில் 54 'ஆயுள்' பைகள் விற்றிருந்தன. வாரத்துக்கு ஓர் ஆயுள்!

நம் நாட்டுக்கு வருவோம். நீலகிரி மலையில் 2000-ம் ஆண்டை ஒட்டிக் கலெக்டராக இருந்த சுப்ரியா சாகு அம்மையார் அந்த ஜில்லாவில் பிளாஸ்டிக் பைகளை ஒழிக்க முனைந்தார். தமிழ்நாடு முழுவதற்குமான உத்தரவு 2018 ஜூனில் வந்தது; 2019 ஜனவரி 1 முதல் ஒரு தரம் உபயோகித்து எறியும் பதினான்கு வகைப் பிளாஸ்டிக் சாமான்கள் தடை செய்யப்பட்டன. பால், தயிர், எண்ணெய், மருந்து போன்றவற்றின் உறைகளுக்கு அப்போது விலக்கு அளித்தார்கள். பிறகு 2021 டிசம்பர் 23-ந் தேதி 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தை அரசாங்கம் தொடங்கியது. அப்போது சுற்றுச்சூழல் துறையின் செயலாளர் அதே சுப்ரியா சாகு அம்மையார்தான். கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சள் பையைத் தரும் இயந்திரமே வந்தது.

அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. எந்தப் பையை ஸ்டூலுக்கு அடியில் ஒளித்து வைக்கச் சொன்னேனோ, அந்தப் பைக்கு முதலமைச்சர் விழா எடுக்கிறார்! அரசாங்கத்துக்கு எத்தனையோ யுக்திகள் தெரியும். ஆனால் இந்தப் பெயரை வைத்தவர்கள் சாமானியர்கள் அல்ல என்று நினைத்துக்கொண்டேன். பிளாஸ்டிக் பை நம் வீட்டுக்குள் வந்தது சௌகரியம் என்ற வாசல் வழியாக மட்டும் அல்ல. வெட்கம் என்ற கொல்லைப்புறக் கதவு வழியாகவும் வந்தது. எந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தோமோ அந்தப் பெயரையே கொடியாகப் பிடித்தால்தான் அந்தக் கதவை அடைக்க முடியும்.

ஆனால் இங்கேயும் ஒரு முள் இருக்கிறது. துணிப்பை என்றால் புண்ணியம், பிளாஸ்டிக் பை என்றால் பாவம் என்று அவ்வளவு சுலபமாகக் கணக்கு முடிவதில்லை. பருத்தி விளைவிக்கத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், மருந்து வேண்டும். நூற்க, நெய்ய, சாயம் போட எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் இலாகா 2011-ல் கணக்குப் பார்த்தது. பூமியைச் சூடாக்கும் குற்றத்தில், ஒரே தரம் உபயோகித்து எறிந்த மெல்லிய பிளாஸ்டிக் பையை ஒரு பருத்திப் பை ஜெயிக்க வேண்டுமானால், அதை 131 தரம் உபயோகிக்க வேண்டுமாம்! டென்மார்க்கில் 2018-ல் பார்த்த கணக்கு, பூமியின் சூட்டை மட்டும் பார்த்தால் 52 தரம் போதும் என்றது. எல்லா விதமான கேடுகளையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 தரம் என்றது. தெருவிலும் சாக்கடையிலும் கடலிலும் மாட்டின் வயிற்றிலும் போய்ச் சேருகிற பையின் கேட்டை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நம் ஊரில் அதுதான் முக்கியமான கேடு. ஆனாலும் அந்தக் கணக்கைத் தள்ளிவிடுவதற்கில்லை. அது சொல்வது ஒன்றே ஒன்று: பையை வாங்குவதில் புண்ணியம் இல்லை, திரும்ப எடுப்பதில்தான் இருக்கிறது.

இதை எழுதும்போது எழுந்து போய் என் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தேன். கல்யாணங்களில் தாம்பூலத்தோடு கொடுத்தவை, புத்தகக் கண்காட்சியில் வாங்கியவை, கடையில் இலவசமாகக் கிடைத்தவை என்று இருபத்து மூன்று துணிப்பைகள்! பெரும்பாலானவை மடிப்புக் கலையாமல் இருந்தன. பிளாஸ்டிக்கை ஒழித்துவிட்டேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது இந்த லட்சணத்தில்தான். பை மாறியிருக்கிறது, நான் மாறவில்லை.

அன்றைக்கே ஒரு காரியம் செய்தேன். நல்ல பையாக மூன்றை எடுத்துக்கொண்டேன். ஒன்று வாசலில் செருப்புப் பக்கத்தில் ஆணியில்; ஒன்று ஸ்கூட்டர் பெட்டியில்; ஒன்று என் தோள்பையில். மற்றவற்றைத் தெருக்கோடிக் காய்கறிக்காரம்மாவிடம் கொடுத்தேன். "மறந்துட்டு வர்றவங்களுக்குக் குடு தாயி, திரும்பக் கொண்டுவந்தா வாங்கி வச்சுக்கோ" என்றேன். "கொண்டுவருவாங்களாக்கும்!" என்று அவள் சிரித்தாள். ஒரு மாதம் கழித்துக் கேட்டேன். பாதி திரும்பி வந்ததாம். பாதிதானா என்று நினைக்கவில்லை. பாதி வந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

புதிதாக எந்தக் கல்யாணத்தில் பை நீட்டினாலும், தேங்காயையும் வெற்றிலை பாக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுக்கிறேன். சிலர் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும். 1974-ல் பட்ட வெட்கத்துக்கு இது பரிகாரம்.

அப்பா காலமான பிறகு ஊர் வீட்டைக் காலி செய்யப் போனேன். நான் வாங்கிக் கொடுத்த ரெக்ஸின் பை பரணில் இருந்தது; ஓரமெல்லாம் உரிந்து உதிர்ந்துபோயிருந்தது. மஞ்சள் பை கதவின் பின்னால் ஆணியில் தொங்கியது. அடிப்பக்கம் கிழிந்த இடத்தில் அம்மாவின் பழைய புடவைத் துண்டை வைத்துத் தைத்திருந்தது. வியாழக்கிழமைச் சந்தைக்கு வாரம் ஒரு தரம் அதை எடுத்துப் போனார் என்று மட்டும் வைத்துக்கொண்டாலும், மூன்றே வருஷத்தில் அந்தப் பை இங்கிலாந்துக்காரர்களின் 131-ஐத் தாண்டியிருக்கும். டென்மார்க்குக்காரர்களின் 7,100-ஐத் தாண்ட 136 வருஷத்துக்கு மேல் வேண்டும். அதற்கு அவருக்கு ஆயுள் போதவில்லை. மீதியை நான் கூட்டி வருகிறேன்.

நேற்று அந்தப் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன். என் பேரன் கூட வந்தான். "தாத்தா, பையை நான் தூக்கிட்டு வர்றேன்" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டான். தெருவில் அவனுடைய சிநேகிதர்கள் நாலு பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அவன் பையை ஒளிக்கவில்லை.